ஒரு ஆள் போதும்

"அந்த ஆளு எங்க கோழி ஷெட்டுக்கு ஒரு தடவையாவது வந்தாரா சார்?"

காவியா கேட்டதும் வக்கீல் பிரபாகர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தருமபுரி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் அவர் அலுவலகம். காவியாவுக்குப் பக்கத்தில் ஓரகத்தி மாதம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வரணும்னு இல்லம்மா. அவரு கெமிஸ்ட்ரி நிபுணர். போலீஸ் எடுத்த போட்டோ, சாம்பிள், ரெண்டையும் பாத்துட்டு அபிப்பிராயம் சொன்னாரு."

"ரெண்டு ஆள் இல்லாம அங்க அந்தச் சரக்கக் காய்ச்ச முடியாதுன்னு."

"ஆமா."

"போட்டோவுல டிரம்மு தெரியும், அடுப்பு தெரியும். எங்கூட்டுக்காரரு தெரிஞ்சாரா?"

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மலையடியில் சும்மா கிடந்த ஷெட் அது. மாட்டு மருந்து தயாரிக்கிறோம் என்று வந்த வெளியூர்க்காரர்களுக்கு அதை வாடகைக்கு விட்டது மாதம்மாளின் கணவர், மூத்தவர் சென்னப்பன். பிறகு அவரே அங்கே கூலிக்குச் சரக்குக் கிளறப் போனார். இது மாதம்மாளுக்கும் தெரியும், காவியாவுக்கும் தெரியும். காவியாவின் கணவன், இளையவன் நவநீதனுக்கு டிராக்டரில் தக்காளி ஏற்றிப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவதுதான் வேலை. அண்ணன் சொன்னாரென்று ஒருநாள் டிரம்களை இறக்கி வைத்தான். கைரேகை விழுந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் ஓடிப்போனார்கள். போதைப்பொருள் தயாரித்ததாக அண்ணன் தம்பி இருவருக்கும் பத்து வருஷம்.

விசாரணையின்போது, நல்ல குடும்பம் என்று சொல்ல மாதம்மாளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். "பாகம் பிரிச்சாச்சாம்மா?" என்று அரசு வக்கீல் அன்பாகத்தான் கேட்டார். மாதம்மாள் தலையை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வூட்ல பாகமா? அண்ணன் இல்லாம தம்பி ஒரு வேலையும் செய்ய மாட்டாருங்க" என்றாள். ஊரில் பெண் கேட்டு வந்தவர்களிடம் சொல்லியிருந்தால் அந்த ஒரு பேச்சுக்கே சம்பந்தம் முடிந்திருக்கும். தீர்ப்பில் அதை நிபுணர் சொன்ன இரண்டு ஆளுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டாவது ஆள் தம்பிதான் என்று எழுதிவிட்டார்கள்.

"இப்ப அப்பீலுக்கு ரிடையர்டு புரொஃபசர் ஒருத்தர்கிட்ட அபிப்பிராயம் வாங்கியிருக்கேன். அந்த அளவு சரக்குக்கு ஒரு ஆள் போதும்ங்கறாரு. ஐகோர்ட்டு ஏத்துக்கிட்டா நவநீதனுக்கு நல்ல சான்ஸ்" என்றார் வக்கீல்.

"இவரு வந்து பாத்தாருங்களா?" என்றாள் மாதம்மாள்.

"அதே போட்டோதாம்மா."

காவியா சிரித்துவிட்டாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "அதே போட்டோவுல அவருக்கு ரெண்டு பேரு தெரிஞ்சாங்க, இவருக்கு ஒருத்தரா? படிச்சவங்க கண்ணே கண்ணு!"

மாதம்மாள் சிரிக்கவில்லை. "அந்த ஒரு ஆளு யாருங்க சார்?"

வக்கீல் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "நான் ரெண்டு பேருக்கும் சேத்து அப்பீல் போட்டிருக்கேன். இத வாதாடணும்னா தம்பிக்கு வேற வக்கீல் வைக்கணும். தனி வக்காலத்து. அவரு கையெழுத்து போடணும்."

வக்காலத்துத் தாளை வாங்கிக்கொண்டு சேலம் ஜெயிலுக்குப் பஸ் ஏறினார்கள்; பஸ் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நெலத்தையே பிரிக்கல. கேஸப் பிரிக்கப் போறியா?" என்றாள் மாதம்மாள்.

"உங்க வாய்தான் அக்கா அவர உள்ள தள்ளிச்சு."

"பெருமையாத்தானே சொன்னேன்."

"உங்க பெருமைக்கு எம்புருசன் களி திங்கறாரு."

"அப்ப எம்புருசன் மட்டும் தின்னட்டுமா?"

"செஞ்சவருதானே!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னங்க பாக்கறீங்க? உங்களுக்கும் போட்டோ வேணுமா?" என்று காவியா அவர்மேல் பாய்ந்தாள். மாதம்மாள் அவள் தொடையைக் கிள்ளினாள். காவியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் துடைக்கவில்லை.

ஜெயிலில் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூச்சல். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி வந்து நின்றார்கள்.

"வக்கீல் என்ன சொல்றாரு?" என்று சென்னப்பன் கத்தினார்.

காவியா வக்காலத்தைத் தூக்கிக் காட்டப் போனாள். பாதியில் கையை இறக்கிக்கொண்டாள். கையில் வக்காலத்து கசங்கியது. சென்னப்பன் முகத்தில் தாடி பாதிக்குமேல் நரைத்திருந்தது.

மாதம்மாள்தான் கத்தினாள். கோபமாகவே கத்தினாள். "ஒரு ஆளே போதுமாம்! ஒருத்தரு எழுதிக் குடுத்திருக்காரு. தம்பி தனியா கையெழுத்து போடணுமாம்!"

சென்னப்பனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. நவநீதனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. "பேப்பர ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ" என்றான், காவியாவின் காலைப் பார்த்துக்கொண்டு.

சென்னப்பன் ஓரடி தள்ளி நின்றார். நவநீதன் நெருங்கவில்லை. அந்த இடைவெளிக்குள், பின்னால் இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு கைதி நுழைந்து, வலையில் முகத்தை அழுத்தி, கூட்டத்தில் தன் குழந்தையைத் தேடிக் கூப்பிட ஆரம்பித்தான்.