பீப்பாவோட இடது கால்

டிரெய்லர் வந்த நேரத்துல அண்ணன் லிஃப்ட் குழிக்குள்ள இருந்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அதான் ஆபீஸ். கையெல்லாம் கிரீஸு, வாயில டார்ச்சு, காதுல ஹெட்போன். மேல ஒரு கம்பெனியே படியேறி மூச்சு வாங்கிட்டு இருக்கு, இவன் கீழ உக்காந்து ‘கடைசிச் சுற்றுப்பாதை’ நாலாம் பாகம் டிரெய்லர திரும்பத் திரும்ப ஓட்டிட்டு இருந்திருக்கான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்ப மூஞ்சி தொங்கிப் போய்க் கெடந்துச்சு.

"யாருடா செத்தா?"ன்னாங்க அம்மா.

"பீப்பா."

அம்மாவுக்குப் பீப்பா யாருன்னு தெரியும். அந்த வீட்டுல பீப்பாவத் தெரியாம குடும்பம் நடத்த முடியாது. அந்தப் படத்துல வர்ற ரோபோ அது. தண்ணி பீப்பாய்க்கு ரெண்டு கால் முளைச்ச மாதிரி இருக்கும், பேசாது, நடக்கும், அவ்வளவுதான். அதுக்கே ஊரு முழுக்க உயிர விடுறதுக்கு ஆளு இருக்கு. மூணாம் பாகத்துல அத ஒரு மூலைல நிக்க வச்சு படத்தையே நாசம் பண்ணிட்டாங்கன்னு அண்ணன் ஒரு வாரம் யார்கிட்டயும் ஒழுங்கா பேசல.

"இந்தா, கேளு"ன்னு போன தங்கச்சி காதுகிட்ட நீட்டினான். டங், டங், டங், டங்.

தங்கச்சிக்கு வீட்டுல வாலுன்னு பேரு. எப்பவும் வாயடிக்கிறவ, அன்னைக்குத் தட்டப் பாத்தே பேசினா. "நடக்குது. அதுக்கென்ன?"

"நடக்குதா? மாடிப்படில பக்கெட்டு உருளுதுடி. இத பண்ணவன் பீப்பாவ ஒரு தடவ கூட பாத்திருக்க மாட்டான். எவனோ சம்பளத்துக்கு வந்து தட்டிட்டுப் போயிருக்கான்."

வாலு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தா, வாயில வைக்கல. ஏன்னா அந்த எவனோ அவதான்.

அவ வேலையே அதான். படம் எடுத்து முடிச்சப்புறம், திரையில ஆளுங்க நடக்குறது, உக்கார்றது, கப்ப வைக்கிறது, இதுக்கெல்லாம் ஒரு ரூமுக்குள்ள நின்னு, படத்தப் பாத்துக்கிட்டே சத்தம் குடுக்கணும். மணல் தொட்டி, இரும்புத் தகடு, கிழிஞ்ச செருப்பு, ஒடஞ்ச குடைன்னு அந்த ரூமு பழைய சாமான் கடை மாதிரி இருக்கும். நாலாம் பாகத்துக்கு அவள எடுத்தப்ப, படம் வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. வீட்டுல சோப்பு விளம்பரத்துக்கு வேலை பாக்குறேன்னு சொல்லி வச்சிருந்தா. சின்ன வயசுல அண்ணன்கூட ஒரே போர்வைக்குள்ள உக்காந்து முதல் பாகம் பாத்தவ அவ. அவளப் போயி பீப்பாவப் பாக்காதவன்னு சொல்லிட்டான். அவனுக்குத் தெரியாதுதான். ஆனாலும் சுருக்குன்னு இருந்துச்சு.

சொன்னதோட விட்டிருந்தா பரவால்ல, அண்ணன் ரசிகர் குரூப்ல அதப் பத்தி ஒரு நீட்டுப் பதிவு வேற போட்டான். அது காட்டுத்தீ மாதிரி பரவிடுச்சு. கீழ கமெண்ட்ல வந்தவன் போனவன் எல்லாம் கல்லெறிஞ்சிருந்தான். ‘காது டாக்டர் செலவ நாங்க ஏத்துக்கிறோம்’னு ஒருத்தன். ‘பீப்பா ஹை ஹீல்ஸ் போட்டிருக்கா?’ன்னு இன்னொருத்தி.

வாலு பாத்ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு அத்தனையும் படிச்சா. இவனுக்கு இனிமே ஜென்மத்துக்கும் டீ போட்டுக் குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா. அப்புறம் பதிவோட கடைசிக்கு வந்தா.

‘ரெண்டாம் பாகத்துல கேப்டன வெளிய இழுத்துட்டு வர்றப்ப பீப்பாவோட இடது கால் போச்சு. ஒரு கிரேன்ல இருந்து கழட்டி வேற கால் மாட்டிவிட்டாங்க. அன்னையிலேருந்து அது நடந்தா டங்குன்னு ஒண்ணு, கொஞ்சம் தள்ளி டொம்முன்னு ஒண்ணு. அந்த டொம்முலதான் அதுக்கு உயிரே இருக்கு. அத மறந்துட்டீங்களேடா.’

வாலு அப்படியே உக்காந்துட்டா. கரெக்ட்டு. நூறு தடவ பாத்த படம், எப்படிக் கோட்ட விட்டா?

எப்படின்னு அவளுக்கே தெரிஞ்சுது. அவ சத்தம் குடுக்குறப்ப திரையில பீப்பாவே கெடையாது. கிராஃபிக்ஸ் அப்புறம்தான் வரும். அதுவரைக்கும் சாம்பல் கலர் சட்ட போட்ட ஒரு ஆளு அந்த எடத்துல நடந்துட்டு இருப்பான். அவனுக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு. ஜம்முன்னு நடந்தான். அவன் பாதத்தப் பாத்துக்கிட்டே இவளும் ஜம்முன்னு தட்டி வச்சிட்டா.

மறுநாள் மிக்ஸிங் சார் முன்னாடி போய் நின்னா. எல்லா சத்தத்தையும் சேத்து முடிவு பண்றவரு அவருதான். தூங்கி ரொம்ப நாளான கண்ணு.

"சார், பீப்பா நடக்குறத மாத்தணும்."

"எந்த சீன்ல?"

"அது நடக்குற எல்லா சீன்லயும்."

அவரு பேனாவக் கீழ வச்சாரு. "நேத்து எவனோ ஒருத்தன் போட்ட பதிவப் படிச்சிட்டு வந்தியா?"

"ஆமா சார். ஆனா அவன் சொல்றது சரி."

"ரசிகனுங்க சொல்றதெல்லாம் கேட்டா நாம கட சாத்திட்டுப் போகணும்மா."

வாலு ரெண்டாம் பாகத்த எடுத்து அந்த சீன ஓட விட்டா. டங். டொம். அவரு கண்ண மூடிக்கிட்டு கேட்டாரு. திரும்பவும் போடச் சொன்னாரு.

"மதியம் சாப்பிடப் போற நேரத்துல ரூமு சும்மாதான் கெடக்கும். எடுத்துக்கோ. நான் எதையும் பாக்கல. ரெண்டு விதமாவும் அனுப்புறேன், எது படத்துல இருக்கணும்னு டைரக்டர் பாத்துக்குவாரு. எத வச்சாருன்னு உன்கிட்ட வந்து சொல்லிட்டு இருக்க மாட்டாங்க, அதையும் கேட்டுக்கோ."

அதுக்கப்புறம் வாலு மதியச் சாப்பாட்டயே மறந்துட்டா. தகடு, சங்கிலி, இரும்புப் பூட்டுன்னு என்னென்னமோ பண்ணிப் பாத்தா, எதுவும் சேரல. கடைசில கார் ஜாக்கில ஈரத் துண்டச் சுத்தி மரப்பலகைல வச்சு ஒரு இழு இழுத்தா. டொம். அதான். அதே கால்.

படம் வந்த அன்னைக்கு காலைல முதல் காட்சிக்கு அண்ணன் வாலுவையும் இழுத்துட்டுப் போனான். கூட அண்ணனோட கூட்டாளிங்க ரெண்டு பேரு. ஒண்ணு டீச்சர், ஸ்கூலுக்குக் காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு வந்து, அவங்க கிளாஸ் பசங்களே பின் வரிசைல உக்காந்திருக்கிறதப் பாத்து துப்பட்டாவால மூஞ்ச மூடிக்கிட்டவங்க. இன்னொண்ணு மருந்துக்கடைக்காரரு. மூணாம் பாகம் குடுத்த அனுபவத்துல தலைவலி மாத்திரையோட வந்திருந்தாரு. "படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்குங்க, சேஃப்டிக்கு"ன்னு எல்லாருக்கும் நீட்டினாரு.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிஞ்சதும் எந்திரிக்கக் கூடாது. கடைசிப் பேரு மேல போற வரைக்கும் உக்காந்து, லைட்டு புடிச்சவங்கள்ல இருந்து சாப்பாடு போட்டவங்க வரைக்கும் கை தட்டணும். வாலுக்கு அதான் பயம். படத்துல பழைய டங்கு டங்கே வந்து, அதுக்குக் கீழ அவ பேரும் வந்தா என்ன பண்ணுவா?

"நான் முடியிறதுக்கு முன்னாடி கெளம்பணும்"னா.

"சோப்புக்கு என்னடி அவ்வளவு அவசரம், கரைஞ்சா போயிடும்? உக்காரு"ன்னான் அண்ணன்.

படம் ஓடுது. வாலுக்கு கதையே ஏறல. கேப்டனோட பொண்ணு பாழடைஞ்ச விண்கப்பல்ல மாட்டிக்கிறா, கரண்ட் போயிடுது, திரை மொத்தமும் இருட்டு. இதான் அந்த எடம். படமே தெரியாது, சத்தம் மட்டும்தான். அண்ணனோட முழங்கால் பக்கத்துல ஆடிட்டே இருந்துச்சு, அவனுக்கு டென்ஷன்னா அப்படித்தான்.

டங்.

வாலு மூச்ச இழுத்தவ விடல.

டொம்.

அண்ணன் முழங்கால் நின்னு போச்சு. டங். டொம். "ஏய், காலத் தாங்கித் தாங்கி வருதுப்பா"ன்னு டீச்சர் அழுகுற மாதிரி சொன்னாங்க. அவ்வளவுதான், பின் வரிசைப் பசங்க போட்ட விசில்ல கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஆயிடுச்சு. அண்ணன் மட்டும் விசில் அடிக்கல. சட்டக் கையால மூஞ்சத் தொடச்சுக்கிட்டு, "கேட்டுட்டாங்கடி, நம்ம சொன்னத யாரோ கேட்டிருக்காங்க"ன்னான். வாலுக்கு அப்பதான் மூச்சு வெளிய வந்துச்சு. இனிமே பேரு வந்தா வரட்டும்னு காலத் தூக்கி சீட்டு மேல மடக்கி உக்காந்துட்டா. மீதிப் படத்த நிம்மதியா பாத்தா.

முடிஞ்சுது. பேரெல்லாம் ஏற ஆரம்பிச்சுது. லைட்டுக்குத் தட்டினாங்க, கேமராவுக்குத் தட்டினாங்க. காலடிச் சத்தம்னு வந்துச்சு. பக்கத்துல ஒரே ஒரு பேரு, அப்பாவோட இனிஷியலோட.

அண்ணன் கை தட்டிட்டே, "உன் பேருலயே ஒருத்தி இருக்கா பாரு, இனிஷியல் கூட அதே"ன்னான்.

"வேற ஒருத்தி எல்லாம் இல்லடா."

கை பாதில நின்னுச்சு. திரையப் பாத்தான், இவளப் பாத்தான். "சோப்பு விளம்பரம்னியே."

"சொன்னா வேலை போயிடும்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. இன்னைக்குத்தான் சொல்லலாம்."

"அப்ப அந்த டொம்மு?"

"நான்தான். நீ எழுதினதப் படிச்சிட்டு மாத்தினேன்."

அவன் கணக்குப் போடுறது மூஞ்சிலயே தெரிஞ்சுது. "அப்ப பக்கெட்டும்..."

"அதுவும் நான்தான்."

அண்ணன் தலைல கை வச்சுக்கிட்டான். "ஏன்டி, நான் என்னென்னவோ எழுதிட்டேனேடி. நீ பீப்பாவப் பாத்ததே இல்லன்னுகூட சொன்னேன்."

"ஆமா. அதுதான் வலிச்சுது. பக்கெட்டுன்னு சொன்னது வலிக்கல, அது பக்கெட்டுதான்."

"பக்கெட்டுதான்டி"ன்னான், பாவமா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அவன் சீட்டு மேல ஏறி நின்னு, திரையில அந்தப் பேரு எப்பவோ போயிட்ட அப்புறமும், தனியா கை தட்டிட்டே இருந்தான். கூட்டிப் பெருக்க வந்தவரு, தம்பி எறங்குங்கன்னாரு.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தாங்க. மருந்துக்கடைக்காரரு பிரிக்காத மாத்திர அட்டைய பையில போட்டுக்கிட்டாரு. டீச்சர் முக்காட்ட எடுத்துட்டு வாலு பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"கால் பிரமாதம்மா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா கப்பல விட்டு வெளிய போற அந்த ஏர்லாக் கதவு மூடுச்சே, அது என்ன, தகர டப்பா மூடி மாதிரி?"

"டீச்சர், இன்னைக்கு ஒரு நாளாவது அவள விடுங்க"ன்னான் அண்ணன்.

"விடு, சொல்லட்டும்"னா வாலு. திட்டு வாங்குறது அவளுக்கு எவ்வளவு சொகமா இருந்துச்சுன்னு அவளுக்கே ஆச்சரியம். "ஆனா கதவு நான் இல்ல டீச்சர், அது பக்கத்து ரூமுல இருக்கிறவன் பண்ணது."

"அப்படியா. அப்ப அடுத்த வாரம் திரும்பப் பாக்க வரோம்ல, அவனுக்கும் சேத்து டிக்கெட் போடு"ன்னாங்க டீச்சர். "நான் பேசிக்கிறேன்."