அன்பளிப்பு சொல்லும் தூண்

சங்கரன்கோவிலின் பழைய தேவாலயத்தில், பிரசங்க மேடையை ஒட்டிய தூண் ஒவ்வொரு ஆமெனுக்குப் பிறகும், “அன்பளிப்பு, சௌந்தரபாண்டியன், விசைத்தறி உரிமையாளர்” என்று சொல்கிறது. குரல் அவருடையதேதான்.

அந்தக் கட்டடத்தில் ஃபேன் இறக்கையிலிருந்து பெஞ்சின் முதுகு வரை, கொடுத்தவர் பெயர் எழுதாத பொருள் கிடையாது. புதிதாக வைக்கும் ஒலிபெருக்கி மட்டும் கண்ணில் படக் கூடாது, நூற்றாண்டுச் சுண்ணாம்பின் அழகு கெட்டுவிடும் என்றார் போதகர். அதனால் மெல்லிய பெட்டிகளைத் தூண்களுக்குள் பதித்து, மேலே தூணின் நிறத்தையே பூசினார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளில் பெயரை எங்கே எழுதுவது? “பேரு எதுக்குய்யா, ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதும்” என்றார், செலவை ஏற்ற சௌந்தரபாண்டியன். சபை அவரை மெச்சியது. அவருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலை முடிந்த மத்தியானம், ஒயர் இழுத்த சதாம் மைக்கை நீட்டி, “அண்ணாச்சி, ஏதாச்சும் பேசுங்க, செக் பண்ணுதேன்” என்றான். ஆளில்லாத கோயிலை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவர் அந்த வார்த்தைகளைச் சொன்னார். “நல்லாக் கேக்கு அண்ணாச்சி” என்றான் சதாம். தூணும் கேட்டுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அது பேசத் தொடங்கியது. ஒயரை உருவினார்கள், பெட்டியைப் பெயர்த்தார்கள், நிற்கவில்லை. அடக்க ஆராதனையிலும் சொன்னது. “ஏலே, அன்பளிப்பு வாராரு, எடம் விடு” என்று பஜாரில் கேலி செய்தார்கள். அவர் வாசலோடு ஜெபித்துத் திரும்பலானார். மகள் விஜிதாவின் கல்யாணத்தை மண்டபத்தில் வைப்போம் என்று கெஞ்சினார். “எப்பா, ஒங்க பேரத்தான சொல்லுது, களவாண்ட பேரா?” என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள் அவள். “இந்தப் பெண்ணைக் கொடுக்கிறது யார்?” என்று போதகர் கேட்டார். ‘நான்’ என்று சொல்ல வேண்டியவர் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமெனுக்குக் காத்திராமல் தூண் சொன்னது: “அன்பளிப்பு, சௌந்தரபாண்டியன்.”

சிரிக்காதீர்கள் மக்களே, அன்று யாரும் சிரிக்கவில்லை. பெற்ற பெண்ணை ஃபேனைப் போலக் கொடுத்தேனே என்று குனிந்த அவர் தலை நிமிரவில்லை. விஜிதா அவர் கையை விடவில்லை. போதகர் அடுத்த வரியை வாசித்தார்.

அதன்பின் எந்தப் பெண்ணின் கல்யாணத்திலும் அந்தக் கேள்விக்குத் தூணே முந்திக்கொள்கிறது. பெற்ற தகப்பன் அடுத்துத்தான் சொல்கிறார். ஊரும் பழகிவிட்டது. கல்யாண வீட்டார் முதல் பத்திரிகையை சௌந்தரபாண்டியனுக்கு வைக்கிறார்கள். அவர் தவறாமல் போய், கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கிறார். பெண்ணைக் கொடுக்கிறவர் நின்றுதானே ஆக வேண்டும்.