கடைசிக் குழாயில் எடுக்காத அளவு

டிவியில் தன் முகத்தைப் பார்த்தபோது பம்ப் ஆபரேட்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தபடி, தலை ஒருபக்கம் சாய்ந்து, உலகமே மறந்து தூங்கிக்கொண்டிருந்தது அந்த முகம். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது: 'தூங்கிய ஆபரேட்டர், துடிக்கும் குழந்தைகள்.'

படம் அவளுக்குத் தெரிந்ததுதான். போன வருடம் அலுவலகத்தில் எல்லோரும் சுற்றுலா போய்த் திரும்பும்போது பஸ்ஸில் யாரோ வேடிக்கைக்கு எடுத்தது. பக்கத்து சீட்டுக்காரியின் தோளையும் ஜன்னலையும் வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் ஒரு மோட்டார் அறையை ஒட்டியிருந்தார்கள்.

நுரையோடு அப்படியே நின்றாள்.

"தூங்கினியா என்ன?" என்றாள் நாத்தனார். தம்பி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள்.

"அண்ணி, அது பஸ்ஸு!"

"எனக்கென்னம்மா தெரியும். டிவியிலயே போடுறான். சும்மாவா போடுவான்?"

ஊரின் பள்ளப் பகுதியில் ஏழு தெருக்கள். அங்கே மூன்று நாளாக வாந்தியும் பேதியும். நாற்பத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். அவளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரியின் ஆறு வயது மகளும் அதில் ஒருத்தி. அந்தத் தெருக்களுக்கு இவள் பம்ப் ஹவுஸிலிருந்துதான் தண்ணீர் போகிறது.

காரணமும் அவளுக்குத் தெரியும். குடிநீர்க் குழாய் ஓர் இடத்தில் சாக்கடைக் கால்வாய்க்குள் இறங்கி ஏறுகிறது. அங்கே இணைப்பு விட்டுப்போயிருந்தது. பம்ப் ஓடும்போது நல்ல தண்ணீர் வெளியே கசியும், பம்பை நிறுத்தினால் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை எழுதிப் பொறியாளர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் கொடுத்திருந்தாள். மூன்றின் நகலிலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை இருந்தது.

கார் மெக்கானிக்கான புருஷன் ரிமோட்டை எடுத்து வேறு சேனல் மாற்றினான். அது எதிர்க்கட்சிக்கு வேண்டப்பட்ட சேனல். அங்கேயும் இவள்தான். 'உண்மையைச் சொன்ன பெண்ணுக்கு அமைச்சரின் ஆட்கள் மிரட்டல்! கண்ணீர் விட்டுக் கதறல்!'

"பாத்தியா? இவன்தான் நம்ம ஆளு," என்றான் புருஷன் முகம் மலர.

"என்னை எவன் மிரட்டினான்? நான் எப்போ அழுதேன்?"

"உனக்கு நல்லதுதானே சொல்றான். விடேன்."

"அவன் திட்டுறதும் பொய், இவன் தூக்கி வைக்கிறதும் பொய். ஒரு பொய் மட்டும் உங்களுக்கு இனிக்குதா?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அந்தத் துப்பலில் இரண்டு சேனலுக்கும் பங்கு இருந்தது.

லீவு போட்டுவிட்டுக் கடித நகல்களோடு முதல் சேனலின் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞன் இறங்கி வந்தான். கடிதங்களைப் புரட்டினான்.

"இதெல்லாம் பேப்பர்மா. டிவிக்கு எடுபடாது."

"நான் பஸ்ஸுல தூங்கினது எடுபடுமா?"

"எங்களுக்கு வந்த தகவலைப் போட்டோம். மறுப்பு இருந்தா எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் கைப்பேசியைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டான்.

வீடு திரும்பினால் வாசலில் இரண்டாவது சேனல் காத்திருந்தது. மைக்கை மூக்குக்குக் கீழே நீட்டினார்கள். "மிரட்டினாங்கன்னு ஒரே ஒரு வரி சொல்லிடுங்க அக்கா, போதும்." கடிதங்களை நீட்டினாள். "அது அப்புறம் அக்கா, மொதல்ல அந்த வரி." கதவை அறைந்து சாத்தினாள். மாலைச் செய்தியில் அந்தக் கதவு வந்தது: 'அச்சத்தில் உறைந்த ஆபரேட்டர்!'

மறுநாள் காலை பம்ப் ஹவுஸுக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் ஹெல்மெட், செருப்பெல்லாம் சேறு. இணையத்தில் சின்னதாக ஒரு செய்திப் பத்திரிகை நடத்தும் மூன்று பேரில் ஒருத்தி என்றாள். 'இவ வேறயா' என்று நினைத்தாள் ஆபரேட்டர்.

வந்தவள் அழுதீர்களா, பயந்தீர்களா என்று எதையும் கேட்கவில்லை. கால்வாய் ஓரமாகவே நடந்து வந்திருந்தாள். உடைப்பைப் படம் எடுத்திருந்தாள். கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தேதியைக் குறித்துக்கொண்டாள். கேட்கவும் ஓர் ஆள் இருக்கிறாளே என்று ஆபரேட்டர் மளமளவென்று எல்லாம் கொட்டினாள். முன்பு ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் இருந்தது, பதினோரு மாதத்துக்கு முன் ஒருவரைத் தூக்கியது, எல்லாம்.

"குளோரின் பதிவேட்டைப் பாக்கலாமா?"

கொடுத்தாள். அந்தப் பெண் பக்கங்களைத் திருப்பினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"பள்ளத்துல கடைசித் தெருக் குழாய்லயும் தினம் அளவு எடுக்கணும், இல்லையா? சோதனைக் குழாய்ல தண்ணி பிடிச்சு மருந்து ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளாகணும், அப்பத்தான் குளோரின் இருக்குன்னு அர்த்தம்."

"ஆமா."

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் எழுதியிருக்கு. அங்க போனீங்களா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டரின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"ஒத்த ஆளு! மோட்டாரை விட்டுட்டு அங்க எப்படிப் போறது?"

"அப்போ போகல."

"எல்லா பம்ப் ஹவுஸ்லயும் இப்படித்தான் எழுதுறாங்க. போய்ப் பாருங்க!"

"பாக்குறேன். ஆனா நீங்க போகல, இல்லையா?"

"போகல! போதுமா? கிளம்புங்க!"

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. பம்ப் ஹவுஸ் படியில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்தாள். கடிதங்களின் தேதி, உடைப்பின் படம், 'அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம்' என்ற பொறியாளரின் பதில், குறைக்கப்பட்ட ஆட்கள், வேறு நான்கு பம்ப் ஹவுஸ்களிலும் போகாமலே எழுதும் பழக்கம். எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. நடுவில் இதுவும் இருந்தது: 'கடைசிக் குழாயில் இரண்டு நாள் அளவு எடுக்கப்படவில்லை, எடுத்ததாக எழுதப்பட்டிருக்கிறது. ஆபரேட்டர் இதை மறுக்கவில்லை. எடுத்திருந்தால் தண்ணீர் கெட்டது ஒரு நாளாவது முன்கூட்டித் தெரிந்திருக்கும்.'

முதல் சேனல் அந்த நடு வரியை மட்டும் பிடுங்கி, 'ஒப்புக்கொண்டார் ஆபரேட்டர்!' என்று நாள் முழுக்க ஓட்டியது. இரண்டாவது சேனல், அந்தப் பத்திரிகையே அமைச்சரிடம் விலைபோன பத்திரிகை என்றது.

"வீட்டு ஆளை விட்ட மாதிரி உள்ள விட்டு எல்லாத்தையும் காட்டினேல்ல, அனுபவி," என்றான் புருஷன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "தப்பா எதாவது எழுதியிருக்கேனா? சொல்லுங்க," என்றாள்.

"இருங்க, சொல்றேன்!" முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். மாட்டுவாள், எங்காவது மாட்டுவாள். "இதோ! மூணாவது கடிதம் பன்னெண்டாம் தேதி குடுத்தேன். நீங்க இருபத்தி ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. பத்து நாளு! பொறியாளருக்குப் பத்து நாள் சலுகை!"

"முத்திரையைப் படம் எடுத்து அனுப்புங்க."

அனுப்பினாள். அரைமணி நேரத்தில் செய்தியின் தலைப்புக்குக் கீழேயே ஒரு வரி வந்தது. 'திருத்தம்: மூன்றாவது கடிதத்தின் தேதியைத் தவறாகக் குறிப்பிட்டிருந்தோம். அது எங்கள் பிழை.'

அந்த வரியை நாலு தடவை படித்தாள். கோபம் இறங்கவில்லை. ஆனால் இத்தனை பேர் இத்தனை நாளாகப் பேசியதில் 'எங்கள் பிழை' என்று எழுதியது இது ஒன்றுதான். அவளும் இதுவரை 'என் பிழை' என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தையல்காரி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, ஒருத்தன் நீங்க தூங்கினீங்கன்றான். ஒருத்தன் நீங்க தெய்வம்ன்றான். எதை நம்புறது? நீங்களே சொல்லுங்க."

"தூங்கல. குழாய் உடைஞ்சது மூணு மாசமா ஆபீஸுக்குத் தெரியும், எழுதியே குடுத்தேன். ஆனா ரெண்டு நாள் உங்க தெருவுக்கு வந்து அளவு பாக்கல. பாத்ததா எழுதினேன்."

"ரெண்டு நாளா?"

"ஆமா."

"செவ்வாக்கிழமை காலையிலதான் அக்கா என் பொண்ணு அந்தத் தண்ணியைக் குடிச்சா."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவு ஆடி நின்றது.

அலுவலகம் வைத்த விசாரணைக்குப் போன அன்று, "நீ அளவு பாக்கவே இல்லன்னு எவன் கண்டான்? மறுத்துடு," என்று புருஷன் சொல்லிக் கொடுத்து அனுப்பினான். அவள் அந்தச் செய்தியை அச்செடுத்துக் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தாள்.

"இதுல இருக்கிறது பூரா உண்மை. என்னைப் பத்தி இருக்கிறதும் சேத்துத்தான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. மத்ததுக்கு யாருக்கு என்ன குடுக்கப்போறீங்கன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

அவளை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பொறியாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். கால்வாய்க்கு மேலே புதுக் குழாய் பதித்தார்கள். பம்ப் ஹவுஸுக்கு இரண்டாவது ஆளைப் போட்டார்கள். தையல்காரியின் மகள் எட்டாம் நாள் வீடு திரும்பினாள். தையல்காரி இன்னும் இவளோடு பேசுவதில்லை, அதில் குறை சொல்ல இவளுக்கு வாயும் இல்லை.

இரண்டு சேனலும் அதற்குள் வேறு ஊருக்கு, வேறு ஆளைத் தேடிப் போய்விட்டன. பஸ்ஸில் தூங்கிய படம் மட்டும் முதல் சேனலின் இணையப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. அதை எடுக்கச் சொல்லி, படம் எங்கே எப்போது எடுத்தது என்று விவரமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் அனுப்பினாள், அதற்கடுத்த திங்கட்கிழமையும்.

"இதோட எத்தனைடி? எவன் படிக்கப் போறான்?" என்றான் புருஷன்.

"பதினாலு," என்றாள் அவள், உறையின் வாயை நாக்கால் நனைத்து ஒட்டியபடி. "படிக்காம அவன் கிழிச்சுப் போடலாம். வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போட்டுத்தானே ஆகணும்."