காலுறையில் சிக்கிய விரல்

என் நாத்தனார் மேல் எனக்கிருந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வீட்டில் கணவரின் அக்கா, வேலையில் மேற்பார்வையாளர். ஒரே ஆளிடம் இரண்டு இடத்திலும் மாட்டிக்கொண்டால் மனுஷி என்னதான் செய்வாள்?

நெய்து வரும் மெல்லிய பட்டுத்துணியில் முடிச்சு, இழை விட்ட இடம் இருந்தால் ஊசியால் சரிசெய்வதுதான் எங்கள் அறையின் வேலை. வறண்ட விரல் பட்டால் துணியில் இழை எழும்பிவிடும். எண்ணெய் விரல் பட்டால் கறை. அதனால் தினமும் காலையில் வாசலிலேயே சோதனை. நாத்தனார் ஒரு நைலான் காலுறையை ஒவ்வொருத்தி கையிலும் மாட்டி மெதுவாக உருவுவார். வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளே போகலாம். எங்காவது சிக்கினால் கை ஆறும்வரை வீடு. ஒரே குளிர்காலத்தில் மூன்று தடவை சிக்கினால் பின்முற்றத்தில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. வெடிப்பை மறைத்து உள்ளே வந்தவளுக்கு மூன்று தடவையெல்லாம் கிடையாது, நேராக முற்றம்தான். வெறும் கையில் அட்டையும் பனிக்காற்றும் படப்பட, இருக்கிற தோலும் போய்விடும். அங்கே போனவள் யாரும் திரும்பி வந்ததில்லை.

எனக்கு இரண்டு தடவை சிக்கிவிட்டது.

தப்பு என் மேல்தான். கறைக்குப் பயந்து களிம்பைத் தொடவே மாட்டேன். சமையல் பிசுக்கு போகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் துணிசோப்புப் போட்டு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கையைத் தேய்ப்பேன். எங்கள் அறையில் பாதிப் பேர் அப்படித்தான். மருந்துக்கடை அம்மா என் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! பாத்திரமா தேய்க்கிற? தோல்ல இருக்கிற எண்ணெயையும் சேத்துல்ல கழுவித் தள்ளியிருக்க. வெதுவெதுப்பான தண்ணி போதும். துடைச்ச கையோட, ஈரம் காயறதுக்குள்ள களிம்பைத் தடவு. ராத்திரி பருத்திக் காலுறையைக் கையில மாட்டிட்டுப் படு. காலையில துடைச்சிட்டு வேலைக்குப் போ, எந்தக் கறையும் ஆகாது."

பத்து நாள் வீட்டில் இருந்து அப்படியே செய்தேன். அந்தப் பத்து நாளில்தான் நாத்தனார் இன்னொரு வேலையும் செய்தார். படுக்கையில் கிடக்கும் மாமியார் அவர் வீட்டில் இருக்கிறார். தினமும் போய் அந்தப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போடுவது நான்தான். இரண்டாவது தடவை சிக்கிய அன்றே அவர் வீட்டு வாசலில் என்னை மறித்து, "இனிமே அம்மா துணியில நீ கை வைக்காத. இந்தப் பக்கமே வரவேண்டாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் துவைத்தால் அழுக்குப் போகவில்லையாம், அதுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தினேன்.

பதினோராம் நாள் காலை வாசலில் வரிசையில் நின்றேன். நாத்தனார் பக்கத்தில் அன்றைக்கு மேலாளரும் நின்றார். நாத்தனார் கையில் வெள்ளைக் கையுறை. என் கையைத் தொடக்கூட அருவருப்பாக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கையுறையோட உருவினா சிக்கறது எப்படித் தெரியும்? கழட்டிட்டுச் செய்யுங்க" என்றார் மேலாளர்.

"குளிருது சார்."

"எல்லாருக்கும்தான் குளிருது. கழட்டுங்க."

நாத்தனார் திரும்பி நின்று கழற்றினார். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேருக்கும் விரல் நுனியால் விளிம்பைப் பிடித்து மிக மெதுவாக உருவினார். என் முறை வந்தது. இடது கை வழுக்கிக்கொண்டு வந்தது. வலது கை. மணிக்கட்டு தாண்டியது, புறங்கை தாண்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். விரல்களுக்கு வந்தபோது சர்ரென்று ஒரு சின்னச் சத்தம். இழை அறுந்து காலுறையில் நீளமாக ஒரு கோடு ஓடிவிட்டது.

"மூணாவது. எழுதிக்குங்க" என்றார் மேலாளர்.

காலுறையைப் பார்த்தேன். கோடு என் விரலில் தொடங்கவில்லை. நாத்தனாரின் கட்டைவிரலில் தொடங்கியது. அந்தக் கையை அப்போதுதான் பார்த்தேன். முட்டிக்கு முட்டி வெடிப்பு, நகத்தோரமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. சோப்புத்தண்ணீர் தின்ற கை. எனக்குத் தெரியாதா அது? பத்து நாளைக்கு முன்னால் என் கையும் அப்படித்தானே இருந்தது.

என் கை ஆறட்டும் என்று அந்தப் பத்து நாளும் மாமியாரின் விரிப்புகளை அவரே துவைத்திருக்கிறார் என்று உறைத்தது. சொன்னால் அவர் முற்றத்துக்கு. சொல்லாவிட்டால் நான். எதற்கெடுத்தாலும் கத்துகிற நான் மரம் மாதிரி நின்றேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

நாத்தனார் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

"அவ கையில சிக்கல சார். என் கையில சிக்குச்சு" என்று கட்டைவிரலை நீட்டினார். "வேணும்னா நீங்களே உருவிப் பாருங்க."

மேலாளர் புதுக் காலுறையை எடுத்து என் வலது கையில் மாட்டி அவரே உருவினார். விரல் நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்தது.

"நீங்க போய் உட்காருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். "கையுறைக்குள்ள மறைச்சிருக்கீங்க. விதி என்னன்னு நான் சொல்லணுமா?"

"வேணாம் சார். அந்த விதியை எழுதிச் சுவர்ல ஒட்டினதே நான்தானே."

சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு நாத்தனார் பின்வாசல் பக்கம் நடந்தார். நான் ஓடிப்போய் நடையில் மறித்துக்கொண்டேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு? கை ஆறட்டும்னுதான் வரவேண்டாம்னு சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா நீ?" என்றார். "வீம்புக்குன்னே என் வீட்டுத் துணியையும் சேத்துத் துவைச்சிருப்ப."

துவைத்திருப்பேன். அவர் என்னை விலக்கிவிட்டு முற்றத்துக் கதவைத் திறந்தார். முகத்தில் அறைகிற மாதிரி காற்று வந்தது.