முதலாளியின் பிறந்த தேதி

டீச்சரின் கணவருக்கு உலகத்தில் இரண்டே விஷயங்களில் பயம் கிடையாது. ஒன்று, பொய் சொல்வது. இன்னொன்று, அதே பொய்யை நாலு பேர் முன்னால் திரும்பச் சொல்வது. மற்ற எல்லாவற்றுக்கும் பயம்தான். ஊசி என்றால் கேட்கவே வேண்டாம். மரப்பட்டறைக்கு முதலாளி, பதினாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். காலில் ஆணி ஏறியபோது ஊசிக்குப் பயந்து ஒரு வாரம் நொண்டிக்கொண்டே திரிந்தார்.

அவருடைய தங்கைக்கு நாற்பது வயதில் மூச்சு வாங்கியது, கண் மஞ்சளானது. கல்லீரலில் உண்டாகி, நுரையீரலைக் காக்கப் போக வேண்டிய ஒரு புரதம், பிறவிக் கோளாறால் கல்லீரலிலேயே தேங்கிவிடுகிறதாம். அங்கேயும் கெடுதல், இங்கேயும் கெடுதல். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. கூடப் பிறந்தவர்கள் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் மருத்துவமனையில்.

"எங்க பரம்பரையில நோயாவது நொடியாவது," என்றார் முதலாளி, இருமலுக்கு நடுவே. மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் நின்று சுவரைப் பார்ப்பார். கேட்டால், பெயிண்ட் அடித்தது சரியில்லை என்பார்.

"அண்ணே, ஒரு ஊசிதானே. பாப்பாவுக்காகவாவது போயிட்டு வா," என்று தங்கை கெஞ்சினாள். பாப்பா என்றால் முதலாளியின் ஒரே மகள், பதினாறு வயது.

ஒரு வியாழக்கிழமை போய்விட்டு வந்ததாகச் சொன்னார். பத்து நாளில் முடிவு வந்தது: பழுது எதுவும் இல்லை. அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து, பட்டறையில் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். கட்டில் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "சுத்தமான ரத்தம் சார், டாக்டரே அசந்துட்டாரு," என்று காட்டினார். தங்கைக்கும் போன் போட்டு, "உனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சோ," என்றார். தங்கை போனை வைத்துவிட்டு டீச்சரிடம் சொல்லி அழுதாள்.

தகப்பனுக்கே இல்லாதபோது பிள்ளைக்கு நோய் வர வழியில்லை, மகளுக்கு இப்போது பரிசோதனை தேவையில்லை என்றார்கள். டீச்சரும் நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த எட்டு மாதமும் மகள் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய், உப்புத்தாள் தேய்க்கும் தூசிக்கும் பாலிஷ் வாடைக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வேலை முடிந்து டீச்சர் வந்து கூட்டிப் போவாள்.

பிறகு ஒரு காய்ச்சலுக்கு எடுத்த ரத்தத்தில் கல்லீரல் கெடுதலைக் காட்டும் அளவு ஏறியிருந்தது. அந்தப் பழுதுக்கும் பார்த்தார்கள். மகளுக்கு இரண்டு பழுதும் இருந்தன. டீச்சருக்குப் பார்த்தார்கள். ஒன்று இருந்தது.

இப்போது மருத்துவமனையின் ஆலோசனை அறையில், மூன்று பேருடைய முடிவுகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஆலோசகரான இளம்பெண் பேனாவை மூடினாள், திறந்தாள். டீச்சரும் கணவரும் எதிரே, மகள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசலாமா?"

ஏன் தனியாக என்று டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல் சுட்டது.

"எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லுங்க."

அந்தப் பெண் மென்று விழுங்கிச் சொன்னாள். சாருடைய முடிவு சரியென்றால், சார் மூலமாக மகளுக்கு இது வந்திருக்க முடியாது.

டீச்சர் கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவர் மின்விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரிப்போர்ட் பொய் சொல்லாதுங்களே," என்றார். "நான் என்னத்தைச் சொல்ல. பெருந்தன்மையா விட்டுடறேன்."

பெருந்தன்மையாம். பதினெட்டு வருடம் இந்த மனிதனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தோமே என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. அன்று சாயங்காலம் பட்டறையில் பாலிஷ்காரரின் முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தன. கேட்டதற்கு, சிராய்ப்பு என்று தலையைக் குனிந்துகொண்டார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்த கணவரின் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டையும் கண்ணால் பார்த்தாள், கூட்டிப் பார்க்கவில்லை. இவள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வேறு.

போனை எடுத்துப் பாலிஷ்காரரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"ஒரு பாரம் நிரப்பணும். முதலாளியோட பிறந்த தேதி என்னங்க?"

"பதினேழு, மூணு, எழுபத்தஞ்சு, டீச்சரம்மா." மூச்சு விடாமல் வந்தது.

முதலாளியின் கை போனை நோக்கி நீண்டது. டீச்சர் அதைத் தட்டிவிட்டாள்.

"எப்படி இவ்வளவு மனப்பாடமா சொல்றீங்க?"

அறுப்பு மிஷின் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போவது கேட்டது.

"டீச்சரம்மா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. ஊசின்னா தனக்கு மயக்கம் வந்துடும், நீ போயிட்டு வந்துடுன்னு சொல்லித்தான் அனுப்பினாரு. தப்பாச் சொல்லிடுவேனோன்னு அஞ்சு தடவை ஒப்பிக்க வெச்சாரு." கொஞ்சம் நிறுத்தி, "பாப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

அறைக்குள் வந்ததிலிருந்து கணவர் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது.

ஆலோசகர் நர்ஸைக் கூப்பிட்டாள். தட்டு வந்தது, குழாய் வந்தது. முதலாளி சட்டைக் கையை மடிக்கத் தெரியாதவர் மாதிரி தடுமாறினார். நெற்றி முழுக்க வியர்வை.

"ரொம்ப வலிக்குமா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"அவங்களை எதுக்குக் கேக்கறீங்க," என்றாள் டீச்சர். "பாப்பாவைக் கேளுங்க. இந்த வாரம் மட்டும் அவளை ஆறு தடவை குத்தியிருக்காங்க."

"ஐயோ, அவளுக்குத் தெரிய வேண்டாம்," என்றார் அவர். "உனக்குப் புண்ணியமாப் போகும். அவகிட்ட மட்டும் வேண்டாம்."

டீச்சர் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாம்மா. அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."