வாசலைப் பார்த்த செருப்புகள்

“டீச்சர், ஸ்டாருக்காக நல்லது செஞ்சா அது நல்லதா, வியாபாரமா?”

கேட்டவளுக்கு ஒன்பது வயது. பிரார்த்தனைக் கூடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் சமய வகுப்பில் அவளுக்குக் ‘குட்டி வக்கீல்’ என்று பெயர். மற்ற நாட்களில் பள்ளிச் சீருடை தைக்கும் டீச்சர்தான் அந்த வழக்கத்தைத் தொடங்கியவர்: செய்த நல்லதை எழுந்து சொன்னால், சுவர் அட்டையில் ஒரு தங்க ஸ்டார். குட்டி வக்கீலின் வரிசை மட்டும் காலி.

“உனக்கு ஒண்ணுகூட இல்லைன்னு வயித்தெரிச்சல்டி,” என்றான் ஸ்டார்களில் முதலில் நின்ற பையன்.

“தாத்தாவுக்குத் தண்ணி குடுத்ததையே நீ ஒரு மாசமா சொல்ற. பாவம், அவர் வயிறு என்னத்துக்கு ஆகும்?”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் மட்டும் யோசித்தார்.

“ஸ்டாரை விடும்மா. கடவுள் பார்க்கிறார்ல, அதுக்காகச் செய்யலாமே?”

“அப்போ அவர் பெரிய ஸ்டார் குடுப்பார்னுதானே செய்றோம்? ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்.”

டீச்சர் கையிலிருந்த ஸ்டார் பொட்டலத்தை மூடி வைத்தார். “அடுத்த வாரம் சொல்றேன்.”

“சொல்லலைன்னா நான் இனிமே வரமாட்டேன்.” மிரட்டல் இல்லை, அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பொத்தான் தைக்கும்போதெல்லாம் கேள்வியும் சேர்ந்து குத்தியது. தோன்றிய ஒவ்வொரு பதிலுக்குள்ளும் ஏதோ ஒரு பரிசு ஒளிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு. வழக்கம்போல் குட்டி வக்கீல் தண்ணீர் குடிக்கக் கீழே போனாள். பையை வாசலிலேயே மறந்துவிட்ட டீச்சர், அதை எடுக்கப் பின்னால் இறங்கினார். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

அவள் குந்தி உட்கார்ந்து, டீச்சரின் செருப்புகளை வாசல் பார்க்கத் திருப்பி, சுவரோரம் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மூட்டுவலிக்காரரான டீச்சர் சுவரைப் பிடித்தபடி, குனியாமல் திரும்பாமல் காலை நுழைத்துக்கொள்ளலாம்.

செருப்பைத் திருப்பி வைப்பவர் கூடத்து வாட்ச்மேன் என்றெண்ணி, இத்தனை மாதமும் டீச்சர் அவருக்குத்தான் நன்றி சொல்லிவந்தார். கேட்டைத் திறந்துவிட்டதற்கு என்று நினைத்து அவரும், “அதுக்கென்னம்மா!” என்று வாங்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் சத்தமில்லாமல் மாடிக்குத் திரும்பினார். கை ஸ்டார் பொட்டலத்தைத் தேடிப் போனது. பிறகு தானாகவே நின்றது.

வந்ததும் வராததுமாக, “பதில் டீச்சர்?” என்றாள் அவள்.

“எனக்கே இப்பதான் கொஞ்சம் பிடிபடுது. இன்னும் சொல்லத் தெரியலை. நீ வந்துக்கிட்டே இரும்மா, சேர்ந்து தேடுவோம்.”

அவள் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். “சரி. வாய்தா குடுக்கறேன்.”

கடைசி மௌனப் பிரார்த்தனையில் பிள்ளைகள் கண் மூடியதும் டீச்சர் மெல்லக் கீழே இறங்கினார். குட்டி வக்கீலின் செருப்பில் துணிப் பட்டை பிய்ந்து ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் ஊசியும் நூலும் எப்போதும் உண்டு. கடைசிப் படியில் உட்கார்ந்து, இரட்டை நூலாகப் போட்டு இறுக்கித் தைத்தார். மூட்டு முனகியது. பொருட்படுத்தாமல் குனிந்து, சின்னச் செருப்புகளை வாசல் பார்க்க வைத்தார்.

யாரும் பார்க்கவில்லை. அவரும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவில்லை.