ஒரு ஆளுக்கு ஒரு ஜோடி

என் வீட்டுக்காரர் அப்துல் ஹாதிக்கு எதையும் முன்கூட்டியே செய்தாக வேண்டும். மாலை விமானத்துக்குக் காலையிலேயே போய் உட்கார்ந்துகொள்வார். நானும் மகளும் விசிட்டில் வந்திருந்தபோது, துபாயில் ஒரு மாலுக்குள் பனிமலை கட்டியிருக்கிறார்கள், மகளைக் கூட்டிப் போகலாம் என்று பேச்சு வந்ததுமே, அல் ஐனில் தான் வேலை பார்க்கும் கடையிலிருந்து நண்பர் முகம்மது யூசுபுக்குப் போன் போட்டுவிட்டார். யூசுபுக்கு டிராவல்ஸில் வேலை.

"அங்க போய் எடுத்துக்கலாமே, மச்சான்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை போய் நின்னா அசர் தொழுகை வரைக்கும் வரிசைதான், புள்ள. ஜாக்கெட்டு, பூட்ஸு, ஃபஸ்னாவுக்குச் சறுக்குக் கட்டை எல்லாத்துக்கும் இப்பவே அளவு சொல்லிட்டா எடுத்து வச்சிருவாங்க."

சொன்னார். பூட்ஸ் அளவு மகளுக்கு முப்பத்தொன்று, தனக்கு நாற்பத்திரண்டு, எனக்கு முப்பத்தேழு. என்னைக் கேட்கவில்லை. கேட்பானேன்? ஒவ்வொரு லீவுக்கும் எனக்கு ஷூ வாங்கி வருகிறவர் அவர்தானே. வார் வைத்த, முன்பக்கம் மூடிய நல்ல ஷூ. நானும் பெட்டியைத் திறந்து, "நல்லாருக்கு மச்சான்" என்று சொல்லி வாங்கிக்கொள்வேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் வளராமல் நின்றுவிட்டது. நான் சாய்ந்து நடப்பேன் என்று சொல்லித்தான் நிக்காஹ் பேசினார்கள். பாதத்தின் அளவை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்ப்பது வேறு, கடையில் நின்று நினைத்துப் பார்ப்பது வேறு. பத்து வருஷக் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. இடது ஷூவுக்குள் துணியை மடித்து அடைத்துக்கொள்வேன். இதைச் சொன்னால் அவர் ஆசையாக வாங்கி வந்ததெல்லாம் குப்பை என்று ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நேரில் போய் எடுப்பதாக இருந்தால் கவுன்டரில் ஒரு பெண்ணிடம் காதோடு சொல்லியிருப்பேன். இல்லாவிட்டால் தலைவலி என்று வெளியே உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஃபஸ்னா, "உம்மாவும் வரணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் அவளோடு போக ஆசைதான், பொய் சொல்வானேன். விசிட் விசா முடிய ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. கைப்பையில் கொஞ்சம் துணி எடுத்து வைத்துக்கொண்டேன்.

யூசுப் சொன்னது சரிதான். சும்மா வந்தவர்களின் வரிசை மாலின் பாதி தூரம் நின்றது. நாங்கள் நேரே உள்ளே போனோம். எங்கள் பெயர் போட்ட மூன்று பைகள் தயாராக இருந்தன. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை.

நீண்ட பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, துணியைச் சுற்றிக்கொண்டு இடது காலை நுழைத்தேன். அந்த பூட்ஸ் முழங்கால் பக்கம் வரை ஏறுகிற சாதி. துணி நடுவழியிலேயே சுருண்டுகொண்டது. எழுந்து இரண்டடி வைத்தேன், கால் உள்ளேயே புரண்டது. அங்கே வேலை செய்யும் பையன் ஓடி வந்து பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். சட்டையில் அருள்ராஜ் என்று போட்டிருந்தது.

"அளவு சரியில்லக்கா. மாத்தித் தாரேன். உங்க நம்பர் என்ன?"

"முப்பத்தேழு" என்றார் அவர், என்னை முந்திக்கொண்டு. "வேற ஜோடி பாருங்க தம்பி. இது பழசா இருக்கும்."

பையன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடவே அவர் மேல் கோபமும் வந்தது, ஏனென்று தெரியவில்லை.

"வலதுக்கு முப்பத்தேழு. இடதுக்கு முப்பத்திமூணு" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார்.

"ஜோடியப் பிரிச்சுத் தர முடியாதுக்கா. ரெண்டு ஜோடியா எடுக்கணும். ஆனா ஒரு ஆளுக்கு ஒரு ஜோடிதான், இன்னொரு டிக்கெட் எடுக்கலாம்னா இன்னைக்கு எல்லாமே புக் ஆயிட்டு" என்று பையன் வருத்தத்தோடு சொன்னான்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்க இருக்கேன்" என்றேன்.

"என் பேர்ல ஒரு ஜோடி இருக்குல்ல தம்பி. அதுக்குப் பதிலா முப்பத்திமூணு குடுங்க" என்றார் அவர்.

"அப்ப நீங்க உள்ள போக முடியாதே சார்."

"நான் வெளிய நிக்கிறேன்."

பனியைப் பார்க்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "ஜாக்கெட்ட கழுத்து வரைக்கும் மூடிக்க, புள்ள" என்றார். எங்கள் ஷூக்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இடது காலில் குழந்தைகள் போடும் பூட்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது. துணியில்லாமல் ஒரு ஷூவுக்குள் என் கால் நின்றது அன்றைக்குத்தான். உள்ளே மூச்செல்லாம் புகையாக வந்தது. ஃபஸ்னா சறுக்கினாள், விழுந்தாள், சிரித்தாள். நான் பனியை அள்ளிப் பார்த்தேன், உள்ளங்கை எரிந்தது.

மாலில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கப் பெரிய கண்ணாடி உண்டு. அவர் அங்கே நிற்பார் என்று தேடினேன். கூட்டத்துக்கு ஓரமாக, கண்ணாடியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் இடது ஷூ. அதற்குள் கையை விட்டு, அடைத்து வைத்திருந்த துணியை வெளியே எடுத்தார். அவருடைய பழைய கைலியில் கிழித்த துண்டு அது. கட்டம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? முழங்கால் மேல் அதை விரித்து, நீவி, பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் கையை ஆட்டினேன். அவர் நிமிரவில்லை. துணியை மடித்து ஷூவுக்குள் வைத்தார். நான் மடிக்கிற மாதிரி அது வரவில்லை போலிருக்கிறது. வெளியே எடுத்து, விரித்து, மறுபடியும் மடித்தார்.

"வாப்பா ஏன் நம்மளப் பாக்கல?" என்று ஃபஸ்னா கேட்டாள்.

"வேலையா இருக்காக" என்றேன்.